பதினாலு போச்சு

1

எங்கள் ஊர் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு இந்த வருடம் ஐம்பது வயது. ஓசூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள், "இருந்துட்டுப் போகட்டும், எங்களுக்கென்ன?" என்று கேட்பீர்கள். இங்கே வந்த புதிதில் நானும் அதையேதான் கேட்டேன். ஆனால் பாருங்கள், அந்த அணியின் ஐம்பதாண்டு வரலாற்றுப் புத்தகத்தில் இப்போது நம் ஓசூரின் ஒரு தெருமுனை அச்சாகியிருக்கிறது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயலாகக் கிடக்கும் சமவெளியில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் டொரண்டோத் தமிழர்களே "அது எங்கங்க இருக்கு?" என்பார்கள். விவசாய இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலை இங்கே உண்டு. ஓசூர்த் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் சேவியரை அந்தத் தொழிற்சாலைதான் அழைத்துக்கொண்டது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். மகன் கெவினுக்குப் பதினேழு வயது. கனடாவில் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் ஓசூரில் பிறந்தவன். எங்கள் கோவில் தெருவில் அப்போதே அவனையும் சேர்த்து மூன்று கெவின்கள்.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர். வீட்டுக்குள் தெற்கத்தித் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், கம்பெனியில் பாதி ஆங்கிலம் என்று வளர்ந்தவள் நான். எங்கே போனாலும் பேசிப் பிழைத்துக்கொள்வேன் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. இங்கு வந்து முதல் குளிர்காலத்திலேயே அது இறங்கிவிட்டது. மைனஸ் முப்பதில் வாயைத் திறந்தால் பல் கூசுகிறது. அப்புறம் எந்த மொழியைப் பேசி என்ன?

இங்கே காலையில் எழுந்ததும் முதல் வேலை வாசலில் பனி வாருவது. இரவெல்லாம் காரின் இன்ஜின் உறைந்துவிடாமல் இருக்க அதற்கு மின்சார வயர் சொருகி வைக்க வேண்டும். "என்னடி இது, காருக்கு சார்ஜர் போடறியா?" என்று ஓசூரில் கேட்டார்கள். இந்தக் குளிரில் ஊரே ஒன்றாகக் கூடுகிற இடம் ஐஸ் அரங்கம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட மேட்சுக்கு வருவார்கள். கெவின் ஆறு வயதில் அங்கே வழுக்கி விழ ஆரம்பித்தான். விழுந்து விழுந்து ஒரு நாள் நின்றான். நின்ற இடம் கோல் வலைக்கு முன்னால்.

2

ஜூனியர் அணி என்றால் பதினாறிலிருந்து இருபது வயதுவரை உள்ள பையன்கள். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் அணிக்கு ஓநாய், கரடி, புயல் என்று பெயர் வைத்திருக்க, எங்கள் ஊர்க்காரர்கள் முயல் என்று வைத்திருக்கிறார்கள். வயலில் துள்ளி ஓடும் காட்டு முயலாம். பெயர் வைத்தவரின் வாய் முகூர்த்தம், ஐம்பது வருடமாக எல்லோரும் எங்களைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அணியின் சரித்திரம் முழுவதும் டோரத்தி என்ற அம்மாளின் கையில் இருக்கிறது. எழுபது வயதை நெருங்குகிறவர். ஆரம்ப காலத்திலிருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் யார் கோல் போட்டார்கள், யார் தப்பாட்டம் ஆடி, ஓரத்தில் இருக்கும் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்தார்கள் என்று குறித்து வைப்பவர். அவர் கணவர் வால்ட்டர் மேட்சுக்கு வருவார், ஆனால் பேச மாட்டார். ஒரு காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கோல் வலைக்குப் பின்னால் நிற்பார்.

டோரத்தி சொல்லி நான் தெரிந்துகொண்ட சரித்திரம் இது. முதலில் கூரையே இல்லாத திடலில் விளையாடினார்கள். பிறகு ஊர்க்காரர்களே காசு போட்டுக் கூரை போட்டார்கள், ஒரு வருடம் பனியின் கனத்தில் கூரை உட்கார்ந்துவிட்டது. மறுபடி போட்டார்கள். ஒரே ஒரு தடவை இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றார்கள். கோப்பை வாங்கியதே கிடையாது. கோப்பை வைக்கக் கட்டிய கண்ணாடி அலமாரியில் இப்போது டீக்கடை மாதிரி பிஸ்கட் பாக்கெட் அடுக்கி விற்கிறார்கள்.

ஆனால் ரெக்கார்டுக்கு மட்டும் குறைச்சலில்லை. அதிக கோல் போட்டவர் இன்று டிராக்டர் உதிரிபாகம் விற்கிறார். அடிதடியில் அதிக நேரம் தண்டனைப் பெட்டியில் இருந்தவர் இன்று ஊரின் பல் டாக்டர். அன்று உடைத்தார், இன்று கட்டுகிறார். தொடர்ந்து அதிக ஆட்டம் தோற்ற ரெக்கார்டும் எங்களுடையதுதான், அது ஒரு முழுக் குளிர்காலம். இதையெல்லாம் டோரத்தி ஒளிக்காமல் மறைக்காமல் எழுதுவார். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரிக்கக்கூட மாட்டார்.

கெவின் இந்த அணியில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால்தான் இவன் இறங்க வேண்டும். ஒரு தடவை பயிற்சியாளரிடம், என் மகன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டேன். நான் அவனைச் சோம்பேறி என்கிறேன் என்று நினைத்து, அந்த மனிதர் கால் மணி நேரம் அவன் நல்ல உழைப்பாளி என்று எனக்கு விளக்கினார்.

3

போன பிப்ரவரியில் கெவின் இறங்க வேண்டி வந்தது. முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். துணைக்கு வேறு ஊரிலிருந்து அழைத்த பையன், பனிப்புயலில் சாலை மூடி வழியிலேயே நின்றுவிட்டான். எதிரணி கரடிகள், முதல் நாளே வந்து தங்கிவிட்டார்கள். போட்டிப் புள்ளிப் பட்டியலிலேயே முதலிடத்தில் இருக்கிற அணி அது.

சாதாரணமாக நாலைந்து கோல் வாங்கியதும் கோல்கீப்பரை மாற்றிவிடுவார்கள். அதுதான் மரியாதை. அன்று மாற்ற ஆளில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறிக்கொண்டே போனது. நான் மடியில் போர்வையை வைத்துக்கொண்டு, "மாதாவே, போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சேவியர் எழுந்து வெளியே போய்விட்டார். பெற்ற பிள்ளை எல்லார் முன்னாலும் தனியாக நின்று அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கொடுமை எந்தத் தாய்க்கும் வேண்டாம். பதினான்கு கோல். நாங்கள் போட்டது ஒன்று.

அவன் வீட்டுக்கு வந்து கால் காப்பு, கையுறை, முகமூடி எல்லாவற்றையும் மூட்டையோடு கேரேஜ் மூலையில் போட்டான். "இனி விளையாட மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. ஏற்கெனவே அவன் தமிழ் தேய்ந்து "ம்", "சரி", "வேணாம்" என்று மூன்று சொல்லுக்கு வந்திருந்தது. இப்போது "ம்" மட்டும் மிச்சம். தமிழ் எழுத்து அவனுக்குப் படிக்க வராது. நான் சொல்லித் தர உட்கார்ந்தபோதெல்லாம் அவனுக்குப் பயிற்சி இருந்தது, இல்லையென்றால் எனக்கு ஷிப்ட் இருந்தது.

மே மாதம் டோரத்தியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஐம்பதாண்டுப் புத்தகத்தின் ரெக்கார்டு பக்கத்தில் கெவின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. ஒரே ஆட்டத்தில் அதிக கோல் வாங்கியவன். ஒரே ஆட்டத்தில் அதிக கோல் தடுத்தவன். இரண்டும் அதே ராத்திரி. ஏனென்றால் கரடிகள் அன்று எழுபது சொச்சம் தடவை அடித்திருந்தார்கள். பதினெட்டு வயது ஆகாததால், பெயரும் படமும் போட அம்மா அப்பா கையெழுத்து வேண்டும். ஆகஸ்டுக்குள் அனுப்புங்கள். கூடவே, செப்டம்பர் பயிற்சி முகாமுக்கு கெவின் வருவானா என்று பயிற்சியாளர் கேட்கச் சொன்னார்.

"கையெழுத்துப் போடாதம்மா" என்றான் ஆங்கிலத்தில்.

"ரெண்டாவது வரியைப் படிடா. எத்தனை தடுத்திருக்கே!"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. நிறைய அடிச்சா, நிறைய தடுக்கவும் முடியும்." இதையும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அந்தத் தாங்காத மனசோடு குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டேன். நம்ம கெவின் பேரு அவங்க டீமோட ஐம்பது வருஷ சரித்திரப் புத்தகத்துல ரெக்கார்டு பக்கத்துல வருது. அவ்வளவுதான். என்ன ரெக்கார்டு என்று நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நாற்பது பேர் கைதட்டினார்கள். என் தம்பி ஆரோக்கியராஜ் மட்டும் எதுவும் போடவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

4

ஜூலையில் ஊருக்குப் போனோம். கெவின் வர மாட்டேன் என்றான், டிக்கெட் போட்டாயிற்று என்று இழுத்துக்கொண்டு போனேன். பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி தாண்டி, எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததும் எனக்கு மூச்சு வேறு மாதிரி ஓடியது. அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கினான்.

ஆரோக்கியம் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் லைன் லீடர். அவனுக்கு இரண்டு உலகம். ஒன்று கம்பெனி, இன்னொன்று ஃப்ளெக்ஸ். காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, கோவில் திருவிழா, யாராவது பத்தாவது பாஸானால்கூட அவனும் அவன் நண்பர்களும் ஃப்ளெக்ஸ் வைத்துவிடுவார்கள். பேருந்து நிலையம் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற மஞ்சுநாத் அவனோடு படித்தவன். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு.

கார் எங்கள் தெருமுனையில் திரும்பியது. எனக்கு உயிரே போய்விட்டது.

ஆரோக்கியத்தின் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ். ரோட்டில் கட்டினால் மாநகராட்சியில் கழற்றிவிடுவார்கள் என்று சொந்தச் சுவரிலேயே கட்டியிருந்தான். "கனடா நாட்டில் ஐஸ் ஹாக்கியில் ஐம்பது ஆண்டு சாதனையை முறியடித்த எங்கள் குலக்கொழுந்தே, ஓசூர்ச் சிங்கமே, வருக வருக! இப்படிக்கு தாய்மாமன் ஆரோக்கியராஜ் மற்றும் நண்பர்கள்." கீழே வட்டம் வட்டமாகப் பன்னிரண்டு நண்பர்களின் முகம். நடுவில் ஆள் உயரத்துக்குக் கெவின். இரண்டு கையையும் மட்டையோடு தூக்கிக்கொண்டு, காலைத் தூக்கித் துள்ளுகிறான். முகம் மட்டும், மாதா கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது எடுத்த படத்திலிருந்து. ஒன்பது வயது.

"வா மாப்ள! எப்டி?" என்று ஆரோக்கியம் கையில் மாலையோடு நின்றான். நண்பர்கள் பட்டாசு வைத்திருந்தார்கள். "ஊட்டா ஆய்த்தா மாப்ளே?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்தபடி மஞ்சு ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினான்.

கெவின் இறங்கினான். ஃப்ளெக்ஸையே பார்த்தான். பட்டாசு வெடித்து ஓயும்வரை பார்த்தான்.

"அம்மா, என்ன எழுதியிருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாய்வரை வந்தது. முடியவில்லை, படித்துக் காட்டினேன்.

அவன் படத்துக்குக் கிட்டே போனான். அந்தத் துள்ளுகிற உடம்பின் நெஞ்சில் இருந்த கரடிச் சின்னத்தில் கையை வைத்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது எங்கள் முயல் சட்டையே இல்லை.

"மாமா, இது நான் இல்ல" என்றான். ஐந்து மாதத்தில் அவன் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம். "இது என்மேல கோல் அடிச்சவன். பின்னால பாருங்க, கீழ ஒருத்தன் விழுந்து கிடக்கறான்ல? அதுதான் நான்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம். கரடிக்காரனின் கால்களுக்கு நடுவில், கொஞ்சம் மங்கலாக, என் பிள்ளை பனியில் குப்புறக் கிடந்தான்.

மஞ்சு நாக்கைக் கடித்துக்கொண்டான். "அய்யோ அக்கா, இவங்க டீம் பேரைப் போட்டு நெட்ல தேடுனங்க்கா. மத்ததுல எல்லாம் முகமூடி. இது ஒன்னுலதான் கை தூக்கினு ஸ்டைலா இருந்தான். அதான் தலைய மட்டும் மாத்துனன்."

"தலைய மாத்தறவன் சட்டையப் பாக்க மாட்டியாடா?" என்று ஆரோக்கியம் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

5

வீட்டுக்குள் போய் உட்கார்ந்தோம். என் தம்பி மனைவி ரெஜினா, நாகரசம்பட்டியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுத் தோப்பு மாம்பழத்தைத் தட்டு நிறைய நறுக்கி வைத்தாள். ஈ மொய்த்தது. ஆரோக்கியத்தின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மருமகனைக் கொண்டாட வேண்டும் என்று ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் கட்டிய ஃப்ளெக்ஸ் அது.

"கழட்டிடறன் மாப்ள" என்று எழுந்தான்.

"மாமா, பொய் எழுதக் கூடாது. நான் தோத்தேன்" என்றான் கெவின். அப்புறம் அவனாகவே சொன்னான். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பிப்ரவரி, காய்ச்சல், பனிப்புயல், மாற்ற ஆளில்லாதது, பதினான்கு. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாதவன், ஐஸையே குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் பார்த்த ஆட்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். சேவியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆரோக்கியம் தாடையைச் சொறிந்தான். "இவ்ளோதானா? நான்கூட வேற என்னாவோன்னு பயந்துட்டன். இந்த ஊர்ல தேர்தல்ல டெபாசிட் போனவனே, 'வாக்களித்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி'ன்னு ஃப்ளெக்ஸ் வெக்கறான். நீ என்னாத்துக்கு மாப்ள தலையக் குனியற?"

ரெஜினா களுக்கென்று சிரித்துவிட்டாள். மஞ்சுவுக்கு வேறு சந்தேகம். "அது சரி மாப்ளே, எத்தன தடவ அடிச்சானுங்க?"

"எழுபதுக்கு மேல."

"எழுபதா! தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான். "அப்போ மிச்சதெல்லாம் என்னா ஆச்சு?"

"நான் புடிச்சேன்."

"பொய்" என்றான் ஆரோக்கியம், வேண்டுமென்றே. "ஒரு ஆளு அவ்ளோ புடிக்கறதாவது. எங்க, காட்டு பாக்கலாம்."

வாசல் இரும்பு கேட்டைத் திறந்து, அதுதான் கோல் என்றார்கள். ஆரோக்கியத்தின் பைக் ஹெல்மெட்டைக் கெவின் தலையில் மாட்டினார்கள். தெருப் பிள்ளைகளிடமிருந்து டென்னிஸ் பந்துகளும் கிரிக்கெட் மட்டைகளும் வந்தன. ஒருவர் மாற்றி ஒருவர் அடித்தார்கள். அவன் வெறுங்காலோடு, முட்டியை மடக்கி, சிமெண்டுத் தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தான். "டேய், முட்டி தேயுதுடா! காப்பு இல்லடா!" என்று நான் கத்தினேன், யார் காதிலும் விழவில்லை. தெலுங்கில் ஒருவன் சவால் விட்டான், கன்னடத்தில் ஒருவன் கணக்குச் சொன்னான். எதிர்வீட்டு மாடியில் ஜனம் கூடிவிட்டது. சேவியர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அப்பா அடித்த பந்தை மகன் ஒற்றைக் கையில் பிடித்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தான். அந்தச் சத்தத்தை நான் பிப்ரவரிக்குப் பிறகு கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் உரிக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஒரு பந்தைப் பிடித்து அவன் முட்டி போட்டு நிற்கும்போது மஞ்சு படம் எடுத்தான். "இந்த முறை தலையும் உன்னுது, ஒடம்பும் உன்னுது. என்னா எழுதறது, நீயே சொல்லு மாப்ளே."

கெவின் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "பதினாலு போச்சு. மிச்சத்த நான் புடிச்சேன்."

"கொஞ்சம் நல்ல தமிழ்ல மாத்திப் போடலாமா?" என்று மஞ்சு கேட்டான்.

"ஒன்னும் மாத்தாத. அவன் வாயில வந்தத அப்டியே போடு" என்றான் ஆரோக்கியம்.

மறுநாள் சாயங்காலம் அதே சுவரில் அது ஏறியது. சிங்கம் இல்லை, குலக்கொழுந்து இல்லை. பன்னிரண்டு நண்பர்களின் வட்டம் மட்டும் அப்படியே இருந்தது, அதை எடுத்தால் சண்டை வந்துவிடும். பழைய ஃப்ளெக்ஸை ரெஜினா வாஷிங் மெஷின்மேல் மழை படாமல் போர்த்திவிட்டாள். கரடிக்காரன் அங்கேதான் துள்ளிக்கொண்டிருக்கிறான்.

கெவின் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, ஃப்ளெக்ஸோடு தெருவும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னான். பிறகு என்னிடம் வந்தான். "அம்மா, அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடு. இந்தப் போட்டோவையும் டோரத்திக்கு அனுப்பு."

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். படிவத்தை அச்செடுத்து, நானும் சேவியரும் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்யக் கொடுத்தால் கடைக்காரர், "அட்டஸ்டேஷன் வேணாமாம்மா? நோட்டரி பக்கத்துலயே இருக்கார்" என்றார். கனடா அரசாங்கம் எங்களிடம் கேட்ட சான்றிதழ்களை அடுக்கினால் கிருஷ்ணகிரி மலை உயரம் வரும். அதிசயமாக, இந்த ஒரு காகிதத்துக்கு அட்டஸ்டேஷன் வேண்டியிருக்கவில்லை.

6

திரும்பி வரும்போது அந்தப் புது ஃப்ளெக்ஸைத்தான் ஊறுகாய் பாட்டில்களைச் சுற்றக் கொண்டுவந்தோம். விமானத்தில் கெவின் தன் கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, "இது என்ன எழுத்து? இந்தக் கொம்பு எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். தமிழில் இன்றைக்கும் அவனுக்குப் படிக்கத் தெரிந்தது அந்த இரண்டு வாக்கியம்தான். ஃப்ளெக்ஸ் இப்போது கேரேஜ் சுவரில் தொங்குகிறது. செப்டம்பரில் அதன் கீழே கிடந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனான். இன்னும் இரண்டாவது கோல்கீப்பர்தான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அரங்கத்து ஹாலில் புத்தக வெளியீடு. டிராக்டர்காரர், பல் டாக்டர், எல்லோரும் பழைய முயல் சட்டையைத் தொப்பைமேல் இழுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ரெக்கார்டு பக்கத்தில் கெவின் பெயர், ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு வரி. பக்கத்தில், அரைப் பக்கத்துக்கு, ஓசூர்த் தெருமுனை. மின்கம்பி, ஒரு ஸ்கூட்டர், பன்னிரண்டு வட்ட முகங்கள் எல்லாம் வந்திருந்தன.

வால்ட்டர் எங்கள் மேசைக்கு வந்தார். பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. புத்தகத்தைத் திறந்து, ஃப்ளெக்ஸில் விரலை வைத்து, "இது என்ன எழுதியிருக்கிறது?" என்று கெவினிடம் கேட்டார்.

கெவின் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை ஓட்டி, முதலில் தமிழிலேயே படித்தான். "பதி-னாலு போச்-சு. மிச்-சத்-த நான் புடிச்-சேன்." பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்.

வால்ட்டர் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். டோரத்திதான் சொன்னார்: "உன் மகனுக்கு முன்னால் அந்த வரி இவருடையது. பதின்மூன்று. இவருக்கு அப்போது பதினெட்டு வயது."

"அடுத்த நாள் காலையில் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் காப்பு மாட்டவே இல்லை" என்றார் வால்ட்டர். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "எனக்கு இந்த மாதிரி ஒரு மாமா இல்லை."

அத்தனை வருடம் அந்த மனிதர் ஏன் கோல் வலைக்குப் பின்னால் வந்து நின்றார் என்று அப்போதுதான் தெரிந்தது. பிப்ரவரி ராத்திரியும் அவர் அங்கேதான் நின்றிருந்தார். கெவின் கைபேசியை எடுத்து ஆரோக்கியத்துக்கு வீடியோவில் போட்டான். அங்கே ஞாயிறு விடிந்திருந்தது. வாயில் பிரஷ்ஷோடு வந்தான் என் தம்பி. கெவின் வால்ட்டரைக் காட்டி, திக்கித் திக்கி, முழுக்கத் தமிழிலேயே விஷயத்தைச் சொன்னான்.

ஆரோக்கியம் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். "குட்மார்னிங் சார்! நோ டென்ஷன் சார்!" என்று வால்ட்டருக்கு ஒரு சல்யூட் வைத்தான். அப்புறம் கெவின் பக்கம் குனிந்து, "பெரியவருக்கு எத்தன போச்சுன்ன?"

"பதிமூணு மாமா."

"எத்தன புடிச்சாராம்?"

கெவின் டோரத்தியைப் பார்த்தான். டோரத்தி யோசிக்காமல், எந்தப் பக்கத்தையும் புரட்டாமல், "நாற்பத்தொன்பது" என்றார். அந்த அம்மாள் அந்த எண்ணை அத்தனை வருடம் யாராவது கேட்கட்டும் என்று வைத்திருந்தார் போலிருக்கிறது. வால்ட்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பத்தொம்பதா! அடேங்கப்பா! சரி, அவரு விளையாடின காலத்து போட்டோ ஒன்னு வாங்கி அனுப்பு மாப்ள" என்றான் ஆரோக்கியம். "தலைய மாத்தக் கூடாதுன்னு மஞ்சுகிட்ட நான் சொல்லிக்கறன்."